எட்டுப் பேர் தூக்கும் சைக்கிள்

என் பழைய சைக்கிளைத் திருடியவன் நாகரிகமானவன். பூட்டை உடைக்கவில்லை. பூட்டியிருந்த முன் சக்கரத்தைக் கம்பத்தோடு விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சக்கரம் பல மாதங்கள் பிளாட்டின் கீழே தனியாக நின்றது. நான் அவ்வப்போது இறங்கிப் போய் அதற்குக் காற்றடித்துவிட்டு வருவேன். இருப்பது ஒன்று. அதையும் கவனிக்காமல் விட முடியுமா?

தண்ணீர்மலைக்குப் போகும் வழியில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய நாலு மாடி பிளாட்டில், உச்சி மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். நாங்கள் என்றால் நான். பேச்சுப் பழக்கம் இன்னும் மாறவில்லை. என் மனைவி ஜெயலெட்சுமி போன வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு போய்விட்டாள். கூடத்தில் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. காலையில் ஒன்றில் உட்காருவேன், மாலையில் இன்னொன்றை இழுத்துப் போட்டுக்கொள்வேன். ஒன்றுக்கொன்று பொறாமை வந்துவிடக் கூடாது.

முப்பது வருஷம் ஃபெரியில் வேலை பார்த்தவன் நான். ஒருநாள் மூடுபனியில் எதிர்க்கரை பட்டர்வொர்த் என்று நினைத்துச் சுமத்ராவில் கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். பயணிகள் யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் இறங்கி வேலைக்குப் போய்விட்டார்கள். மாலையில் போய் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

இந்த மாதிரிச் செய்திகளைக் கேட்பதற்கென்று கொடிமலையில் ஓர் இடம் இருந்தது. பொட்டானிக்கல் கார்டனுக்குப் பக்கத்திலிருந்து மலையேறும் ஜீப் பாதையில், பாதி வழியில் ஒரு தேநீர்க் குடில். மலையேறுகிறவர்களே சேர்ந்து நடத்துவது. சுடுதண்ணீரும் தேநீரும் எப்போதும் இருக்கும், உண்டியலில் விருப்பம்போல் போடலாம். வழக்கமாக வருகிறவர்களுக்குச் சுவரில் ஆளுக்கோர் ஆணி. அதில் அவரவர் குவளை தொங்கும். என்னுடையது வெள்ளை, ஜெயலெட்சுமியுடையது நீலம். நான் சைக்கிளில் ஏறுவேன், அவள் நடந்து வருவாள். அவள் வந்து சேர்வதற்குள் நான் நாலு பொய் சொல்லி முடித்திருப்பேன். ஐந்தாவதை அவள் எதிரில் சொல்வதில்லை.

சீனப் புத்தாண்டுக்கு முன்னால் குடிலைக் கழுவுவார்கள். அப்போது, வருஷம் முழுக்க வராதவர்களின் குவளைகளை இறக்கிவிடுவது வழக்கம். இறக்கிய குவளையை யாரும் திரும்ப மாட்ட மாட்டார்கள். ஆள் போய்விட்டதாக அர்த்தம். சைக்கிள் போனதோடு என் வலது முட்டியும் தன் வேலையை விட்டுவிட்டது. நடந்து ஏற வழியில்லை. புத்தாண்டோ நெருங்கிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கும்போதே ஆணியிலிருந்து இறங்குவதை நான் விரும்பவில்லை.

மெல்போர்னில் இருக்கும் மகள் தனுஜா, மின்சார மலைச் சைக்கிள் ஒன்று வாங்கச் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் கைப்பேசியில் முகம் காட்டுவாள். படம் உறைந்து நின்றாலும் நான் பேசிக்கொண்டே இருப்பேன். அவளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

"லைட்டா உள்ளத வாங்குங்கப்பா. தனியா தூக்கிட்டு மாடி ஏறணும்ல," என்றாள்.

தனியா என்ற சொல்லை மட்டும் அவள் மெதுவாகச் சொல்வாள், பல்வலிக்காரர் கல்கண்டைக் கடிப்பதுபோல.

பர்மா சாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சுபாஷினி நல்ல பெண். என் முட்டியையும் மலையையும் பற்றி விசாரித்துவிட்டு, இரண்டு சைக்கிள்களை வேனில் ஏற்றி என்னையும் மலையடிக்கு அழைத்துப் போனாள். ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றாள்.

முதலில் எடை குறைந்த சைக்கிள். ஒரு கையால் தூக்கினேன், வந்தது. ஆனால் அதன் மோட்டார் மிகவும் மரியாதையானது. நாம் உழைத்தால் பின்னால் நின்று தட்டிக்கொடுக்கும், நாம் களைத்தால் அதுவும் அனுதாபத்தோடு களைக்கும். இரண்டாவது வளைவில் என் முட்டி இறங்கிக்கொள்ளச் சொன்னது. இறங்கி, தள்ளிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்தது முழு சக்தி உள்ளது. அதைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல எனக்குப் பிடிக்காது. மிதியில் கால் வைத்தேன், மலை கீழே இறங்கத் தொடங்கியது. ஐந்தாவது வளைவில் என் நிழல் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது. அதற்காகக் கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் கீழே வந்து தூக்கிப் பார்த்தால், முன் சக்கரம் மட்டும்தான் தரையை விட்டது. பெரிய அரிசி மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு சைக்கிள் நிற்பதுபோல் இருந்தது.

ஆக, விஷயம் இதுதான். எடை குறைந்தது வீட்டுக்கு வரும், மலைக்கு வராது. எடை கூடியது மலைக்கு வரும், வீட்டுக்கு வராது. கீழே பூட்டி வைக்கலாம் என்றால், அந்த நாகரிகமானவன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான்.

சுபாஷினி சுற்றி வளைக்கவில்லை. "அங்கிள், இத மேல தூக்கிட்டுப் போக வீட்ல யாரு இருக்காங்க?"

"எட்டு பேரு," என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திரும்பப் பெறுவது என் வழக்கமில்லை.

"எட்டு பேரா? அந்தச் சின்ன பிளாட்லயா?"

"இடம் பத்தலதான்மா. முறை வச்சு மூச்சு விடுவோம்."

அவள் சிரித்தாள். ஆனாலும் எட்டில் ஒரு நாலாவது இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். கழித்துக்கொண்டு நம்புகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். அப்படியென்றால் ஃபுல் பவரே எடுத்துக்கங்க லா அங்கிள் என்று விற்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மலைக்குப் போனேன். குடில் அப்படியே இருந்தது. கழுவுவதற்கான வாளிகள் வந்து இறங்கியிருந்தன, கழுவவில்லை. வெள்ளைக் குவளையும் நீலக் குவளையும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தூசியோடு தொங்கின.

குடிலைப் பார்த்துக்கொள்ளும் சீனர் என்னைவிட மூத்தவர். என்னைக் கண்டதும் என் குவளையை எடுத்துக் கழுவினார். பிறகு நீலத்தின்மேல் கை வைத்து, இதை இறக்கிவிடட்டுமா என்று மலாயில் மெல்லக் கேட்டார்.

அவள் நடந்து வருகிறாள், மெதுவாகத்தான் வருவாள் என்றேன்.

அவருக்குச் செய்தி தெரியும். இந்த ஊரில் எந்தச் செய்தி மலையேறாமல் இருந்திருக்கிறது? நீலத்தையும் கழுவி, துடைத்து, ஆணியில் மாட்டினார்.

பழைய ஆட்கள் யாரும் அன்று இல்லை. மோட்டாரின் தயவால் நான் எல்லாருக்கும் முந்தி வந்துவிட்டேனோ, எல்லாரும் எனக்கு முந்திப் போய்விட்டார்களோ, தெரியவில்லை. பெஞ்சில் இக்மல் என்ற இளைஞனும் அவன் நண்பர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வரும் வழியில் ஒரு குரங்கு பின்னால் ஏறிக்கொண்டதையும், மூன்றாவது வளைவு வந்ததும் என் முதுகைத் தட்டி நிறுத்தி இறங்கிக்கொண்டதையும் சொன்னேன். அப்படியா, கவனமாகப் போங்கள் அங்கிள் என்று இக்மல் பணிவாகச் சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பினான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். சுமத்ராவைச் சொன்னேன். அதையும் நம்பினார்கள்.

நம்புகிறவர்களிடம் பொய் சொல்வதில் ருசியே இல்லை. தேநீரைக் குடித்து, குவளையைக் கழுவி மாட்டிவிட்டு இறங்கினேன்.

பிளாட்டுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் எங்கள் பிளாட்டில் ஆள் இருக்காது. பெரியவர்கள் பாயான் பாரு, பிறை என்று வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நான் சைக்கிளை மூன்று படி ஏற்றினேன். அது என்னை மூன்று படி இறக்கியது. இப்படிச் சில தடவை பேச்சுவார்த்தை நடந்தது. பிறகு இருவரும் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டோம்.

அப்போதுதான் அப்புத்துரை குடையும் மீன் பையுமாகப் பாசாரிலிருந்து வந்தார்.

அப்புத்துரை எனக்கு நேர் கீழே, மூன்றாவது மாடியில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். தவறு எங்கே கண்டாலும் திருத்தாமல் இருக்க முடியாது. கோயில் நோட்டீசைக்கூடப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் கும்பிடப் போவார். ஜெயலெட்சுமியின் கருமாதியன்று, அவள் ஒருமுறை தண்ணீர்மலையில் ஒரு மலைப்பாம்பைச் சோற்றுக் கரண்டியால் துரத்தியதை வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அது பாம்பில்லை, உடும்பு," என்றார் இவர், அத்தனை பேர் நடுவில். செத்துப்போனவளின் பாம்பை ஒருவர் உடும்பாக்கினால் அவரோடு பேச என்ன இருக்கிறது? அன்றிலிருந்து பேசவில்லை. படியில் எதிரே வந்தால் இருவரும் சுவரில் உள்ள பல்லியைப் பார்ப்போம்.

அன்று பல்லி எதுவும் இல்லை.

"என்ன காணும், கடை போட்டிருக்கிறீரோ?" என்றார்.

பசங்க எட்டு பேர் மேலே இருக்கிறார்கள், சைக்கிளைத் தூக்க இறங்கி வந்துகொண்டிருக்கிறார்கள், அதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்றேன்.

அவர் குடையை மடக்கி, தண்ணீரை உதறி, சுவரில் சாய்த்து வைத்தார். அவசரமே இல்லை.

"நான் உமக்கு நேர் கீழை இருக்கிறன். மேலையிருந்து ஒரு கதிரை இழுபடுற சத்தம் மட்டும்தான் கேக்கும். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. அது எட்டுப் பேரிலை ஆர்?"

நான் மழையைப் பார்த்தேன்.

"ஒரு உண்மை சொல்லும். தூக்கிறன்."

எத்தனையோ உண்மைகள் இருக்கின்றன. உலகம் உருண்டை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் அதையும் திருத்துவார். நீண்ட நாள் திறக்காத கதவுபோல வாய் முரண்டு பிடித்தது.

"மேல யாரும் இல்லண்ணே."

"தெரியும்," என்றார் அப்புத்துரை. மீன் பையை ஹேண்டிலில் மாட்டிவிட்டுப் பின்பக்கத்தைப் பிடித்தார்.

முதல் மாடியில் நின்றோம். இரண்டு பேரின் மூச்சும் ஒரு கூட்டுக்குடும்பம் அளவுக்குக் கேட்டது. இரண்டாவது மாடியில் அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். பிறகு, என்னைப் பார்க்காமல், வேறெதையோ விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"அந்தப் பாம்பு எத்தினை அடி?"

"பன்னெண்டு."

அவர் வாய் திறந்தது. ஏதோ ஓர் எண் நாக்கு நுனிவரை வந்ததை நான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

"பிடியும்," என்றார்.

மூன்றாவது மாடியில், சரியாக அவர் வாசலில், அவருடைய பலம் தீர்ந்துவிட்டது. என்னுடையது அதற்கு ஒரு மாடி முன்பே தீர்ந்திருந்தது, நான் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் சைக்கிளை அவர் கூடத்தில் நிறுத்தினோம். அங்கேயும் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர் உட்காரும் பள்ளம் தெரிந்தது. மற்றதில் பழைய பத்திரிகைகள் அடுக்கியிருந்தன. இரும் என்றார். எந்த நாற்காலியில் என்று சொல்லவில்லை. இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டுக் கடைசி மாடியைத் தனியாக ஏறினேன்.

மாலையில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். வழக்கத்தைவிடச் சற்று நீளமாகவே இழுத்தேன்.

அன்றிலிருந்து சைக்கிள் அங்கேதான் இருக்கிறது. காலையில் இருவருமாக இறக்குவோம். நான் மலைக்குப் போய் வருவேன். திரும்பி வந்ததும் அப்புத்துரை கீழே வந்து, முதலில் அன்றைய செய்தியைக் கேட்பார். குரங்கு ஒன்றா இரண்டா, எந்த வளைவு, என்ன நேரம் என்று குறுக்கு விசாரணை செய்து, திருத்தவேண்டியதைத் திருத்திய பிறகுதான் பின்பக்கத்தைப் பிடிப்பார். பாம்பை மட்டும் தொடுவதில்லை. குடிலில் நீலக் குவளை இன்னும் தொங்குகிறது. புத்தாண்டுக்குக் கழுவியபோதும் அந்தச் சீனர் இறக்கவில்லை. நடந்து வருகிறவர்களுக்கு நேரமாகும் என்பது அவருக்கும் தெரியும்போல.

போன வாரம் சுபாஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். பிரேக்கைச் சரிபார்க்க வண்டியைக் கொண்டுவரச் சொன்னாள். பிறகு, எடை ஒன்றும் சிரமமாக இல்லையே, எட்டுப் பேர் இருக்கிறீர்களே என்று விசாரித்தாள்.

உண்மைக்கு வாய் கொஞ்சம் பழகியிருந்தது.

"எட்டு பேரெல்லாம் இல்லம்மா. ஒரே ஒரு ஆளு. அதுவும் மூணாவது மாடி வரைக்கும்தான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கள நம்பவே முடியாது லா அங்கிள்," என்றாள்.

தரைக்கு அடியிலிருந்து சைக்கிள் மணி அடித்தது. அப்புத்துரைக்குப் பொறுமை கிடையாது.