ஒரே அச்சில் வார்த்த இரண்டு

...மேலே தொங்குவதை முதலில் காட்டக் கூடாது, கீழே கிடப்பதைத்தான் காட்ட வேண்டும், வந்தவுடன் கண் எதில் விழுகிறதோ அதில்தான் மனசும் விழும், இதை அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, இருபத்திரண்டு வருடமாக அடிபட்ட கார்களுக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து இறங்கியது போல நிறுத்திக் கொடுத்துப் பிழைக்கிறவன் அவன். நாலு மணிக்கு ஆள் வருகிறார், கயாக் வாங்க, ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சின்னப் படகு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவராம், கரையோரம் சும்மா சுற்றுவதற்கில்லை, ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே போய்த் தூண்டில் போட வேண்டும், அதனால் ஃபைபர்தான் வேண்டும் என்றாராம். ரெண்டு இருக்கு, ஒரே அச்சில் வார்த்தது, எது பிடிக்குதோ எடுத்துக்கலாம் என்று அவரிடம் சொன்னது இவனில்லை, கொழுந்தியாள். மனைவியின் தங்கை. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இரண்டு வருடம் ஆகிறது. ஷெட்டில் ரெண்டு எதுக்கு அத்தான், ஒண்ணைக் குடுத்துடலாம் என்று போன வாரம் வந்து சொன்னாள், அவளே விளம்பரம் போட்டாள், அவளே ஆளையும் பிடித்துவிட்டாள். எது பிடிக்குதோ... அந்த இடம்தான் இடிக்கிறது. ஏனென்றால் இரண்டும் ஒன்றில்லை. அது உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஒருவனுக்குத்தானா? சரி, ஒருவனுக்குத்தான்.

கார் ஷெட்டில் கார் நிறுத்தி வெகுநாளாகிறது. மேலே இரும்புச் சட்டத்திலிருந்து நாலு விரல்கடை அகல நைலான் வார் இரண்டில், வயிறு மேலாகத் தொங்குகிறது ஒன்று. கயிற்றில் தொங்கவிட்டால் கயிறு உடம்பில் பதியும், அகல வார்தான் வேண்டும், சாமான் அறை மூடியை இறுக்கி வைத்தால் உள்ளிருக்கும் காற்று சூடேறி இணைப்பைப் பிளக்கும், திறந்தே வைக்க வேண்டும், வெயில் படக் கூடாது, மாதம் ஒருமுறை இடம் மாற்றிப் போட வேண்டும்... எல்லாம் தெரியும், எல்லாம் செய்கிறான், கைக்குழந்தையைக்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று மனைவி கேலி செய்கிற அளவுக்குச் செய்கிறான், மாதாமாதம் மெழுகு போட்டுத் துடைத்து அது கண்ணாடியாக மின்னுகிறது. இன்னொன்று கீழே இரண்டு செங்கல்மேல் கிடக்கிறது. அதன்மேல் பழைய டயர், பெயின்ட் டப்பா, கிழிந்த தார்ப்பாய், செங்கல் அழுத்திய இரண்டு இடத்திலும் வயிறு லேசாக உள்வாங்கியிருக்கிறது. யாராயிருந்தாலும் மேலே தொங்குவதைத்தான் எடுப்பார்கள். ஆனால் கீழே கிடப்பதுதான் நல்லது. மேலே தொங்குவது ஆளைக் கொன்றது. நல்லதை ஏன் இப்படிப் போட்டு வைத்தாய் என்று யாராவது கேட்டால்? அதைத் தொட முடியவில்லை என்று சொல்ல வேண்டும், ஏன் தொட முடியவில்லை என்று அடுத்து கேட்பார்கள், ஆகவே யாரும் கேட்காதவரை நல்லது.

டயரை இறக்கி வைத்தான், தார்ப்பாயை உருவினான், ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தான், தூசி போய்ப் பழைய வெள்ளை கொஞ்சம் தெரிந்தது. மணி மூன்றே கால். இரண்டையும் ஒரே நாளில் வாங்கினார்கள், அவனும் சகலையும். அக்காளைக் கட்டியவன் ஒன்று, தங்கையைக் கட்டியவன் ஒன்று, ஒரே வெள்ளை, ஒரே நீலக் கோடு, நம்மளை மாதிரியே ஒரே வீட்டுல வந்து மாட்டினது சகல, என்று சொல்லிச் சிரித்தான் சகலை. எதற்கெடுத்தாலும் சிரிப்பான். மூன்றாவது மாதம் இவனுடையது பாறையில் இடித்தது, இருக்கைக்கு நேர் கீழே ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. அதை உள்பக்கமாகத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணி வைத்து, ரெசின் ஊற்றி, இரண்டு நாள் காய விட்டிருக்க வேண்டும். கூலிக்குச் செய்வதாக இருந்தால் செய்திருப்பான். தன்னுடையதுதானே... பட்டறையில் கார்ப் பட்டி, தகட்டுப் பள்ளத்தை அடைக்கிற பசை, கையெட்டும் தூரத்தில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக வேண்டியிருந்தது, பட்டி போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தால் பிளவு இருந்த இடத்தை அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அழகான வேலை. கார்க் கதவு அலையில் வளையாது, கயாக்கின் வயிறு வளையும், வளைந்தால் பட்டி விடும், விட்ட இடத்தில் தண்ணீரைக் குடிக்கும். தொழில்காரனுக்குத் தெரியாதா? தெரியும். என்ன சகல ஆச்சு என்று சகலை கேட்டபோது, சும்மா ஒரு கீறல், பார்த்துட்டேன் என்றான்.

அந்த விடியற்காலை... அதை நினைக்க வேண்டாம் என்று தினமும் நினைக்கிறான். கரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, வெளிச்சம் வரவில்லை, அவன் முந்திப் போய் ஒன்றில் ஏறித் துடுப்பைப் போட்டான். இருட்டு, இரண்டும் ஒரே மாதிரி, மாறிப்போவது சகஜம், யாருக்கும் நடக்கும். ஆனால் உட்கார்ந்த அடுத்த நொடியே தெரிந்தது, இருக்கை அரை அங்குலம் முன்னால் இருந்தது, கால் மடங்கியது, இது சகலையுடையது. உட்கார்ந்த அடுத்த நொடிதானா, இல்லை உட்காருவதற்கு முந்தைய நொடியா? இரண்டு வருடமாக இந்த ஒரு நொடியைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறான். அலை பெரிதாக இருக்கும் என்று முந்தின நாளே கேள்விப்பட்டிருந்தான், அது உண்மை, பட்டியைப் பற்றி மனசில் ஒரு மூலையில் உறுத்தல் இருந்தது, அதுவும் உண்மை, வேண்டுமென்றே மாற்றி ஏறவில்லை, அது... அதுவும் உண்மைதான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான், கேட்க ஆளே இல்லாத இடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறான். மீன் தேடி ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள், சகலை ஆழம் இன்னும் கூடுகிற பக்கம் போனான், பத்து மணிக்கு இவன் கரைக்கு வந்தான், அவன் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு விசைப்படகில் வந்தவர்கள் கவிழ்ந்து மிதந்த கயாக்கைக் கட்டி இழுத்து வந்தார்கள், ஆள் கிடைக்கவேயில்லை. அடிப்பக்கம் பிளந்திருந்ததைப் பார்த்தவர்கள் படகு உரசியதில் போயிருக்கும் என்றார்கள். யாருடையது என்று கேட்டார்கள். என் சகலையுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலமே, பெண்கள் வந்து பார்ப்பதற்குள், பிளவை மூடினான். இரண்டாம் தடவையும் பட்டிதான் போட்டான். கைப்பழக்கம்.

அதற்குப் பிறகுதான் உப்புப் பூக்க ஆரம்பித்தது. பட்டி போட்ட இடத்தில், பெயின்டுக்கு மேல், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக, விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. இழைக்குள் கடல்தண்ணீர் தங்கியிருக்கும், காயக் காய உப்பு வெளியே வரும், இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று முதல் மாதம் துடைத்தான். ஆறாம் மாதமும் துடைத்தான். இரண்டு வருடமாக ஒரு சொட்டுக் கடல் படாதது எவ்வளவு உப்பைத்தான் வைத்திருக்கும்? இடம் மாற்றிப் போடத் தூக்கும்போது உள்ளே தண்ணீர் தலையிலிருந்து வாலுக்கு ஓடுகிற சத்தம் கேட்கும், சளசளவென்று, அவசரமில்லாமல். வடிகால் திருகைக் கழற்றிச் சாய்த்துப் பிடித்தால் ஒரு சொட்டு வராது, கையை விட்டுத் தடவினால் தூசி. பட்டறையிலிருந்து தராசை எடுத்து வந்து நிறுத்தான், இருபத்தேழு கிலோ. அடுத்த மாதம் இருபத்தேழே கால். தராசு கெட்டிருக்கும் என்று காஸ் சிலிண்டரை வைத்துப் பார்த்தான், தராசு சரியாகத்தான் காட்டியது. போன வாரம் முப்பத்தொன்று. மழை படாத ஷெட்டில், காற்றில் தொங்குகிற ஒன்று, எதைக் குடித்து நாலு கிலோ ஏறியது? யாரிடம் கேட்பது? பயமாக இருந்தது. பயந்து பயந்து மெழுகு போட்டான். இன்று காலையும் துடைத்தான், மத்தியானம் வந்து பார்த்தால் மறுபடி லேசாகப் பூத்திருந்தது, சட்டைக் கையாலேயே துடைத்தான்.

வாசலில் செருப்புச் சத்தம். கொழுந்தியாள்தான் முன்னால், பின்னால் மெலிந்த ஒருவர், சட்டைப்பையில் பேனா. வணக்கம் சொன்னார். கீழே கிடந்ததைக் காட்டி, இதைப் பாருங்க, நல்ல கனமில்லாத வண்டி என்று வாய் தவறி வண்டி என்றான், எக்ஸ்ரேக்காரர் சிரித்துக்கொண்டே அதைப் பார்த்தார், செங்கல் அழுத்திய இடத்தைப் பார்த்தார், பிறகு அவன் பயந்தபடியே அண்ணாந்து பார்த்தார். இதுவும் விற்கிறதுதானே? இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். தண்ணீர் ஓடியது, தலையிலிருந்து வாலுக்கு, அந்த ஆளுக்குக் கேட்கவில்லையா? கேட்கவில்லை போலிருக்கிறது. கொழுந்தியாள் மட்டும் தலையை லேசாகச் சாய்த்தாள், அவ்வளவுதான். வாங்க வந்தவர் விவரமான ஆள், ஒரு நாணயத்தை எடுத்து வயிறு நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார், கெட்டியான இடம் கணீரென்றும் விட்ட இடம் பொத்தென்றும் கேட்கும், கணீர், கணீர், கணீர், இருக்கையின் கீழே நெருங்கினார், இரண்டு விரல்கடை தள்ளித் தட்டினார், கணீர், தாண்டிப் போய்விட்டார். தினமும் மனிதர்களின் எலும்பைப் பார்க்கிறவர், இரண்டு விரல்கடையில் தவறவிட்டார். நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியைக் கண்டு அவனுக்கே அருவருப்பாகவும் இருந்தது. இதையே எடுத்துக்கறேன் என்றார் அவர், புதுசு மாதிரி வச்சிருக்கீங்க.

கனம் ஜாஸ்தி என்றான். பரவாயில்லை, கனமாக இருந்தால் அலைக்கு ஆடாது என்றார். ஆளைப் பறிகொடுத்தது, ராசியில்லாதது, உங்களுக்கு எதற்கு என்றான், சொல்லும்போதே கொழுந்தியாளைப் பார்க்காமல் சொன்னான். அவர் அதற்கும், கடலுக்கு ராசி பார்க்கத் தெரியாதுங்க என்று மெதுவாகச் சொன்னார், வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டேன், எனக்குத்தான் சரியாக வராது, என்று என்னவோ வேடிக்கை போல. அப்போதுதான் அவனுக்குள் ஏதோ பிடி விட்டது. சொல்லிவிட வேண்டும். அடியில பட்டி போட்டிருக்கேங்க, அது நிக்காது. அவ்வளவுதான், ஒரே வரி. அந்த வரியைச் சொன்னால் அடுத்த வரியை இவள் கேட்பாள், எப்ப போட்டீங்க அத்தான், அவர் போறதுக்கு முன்னாடியா பின்னாடியா, அதற்கு அடுத்த வரியும் தானாக வரும், அப்புறம் அக்காள் தங்கை இரண்டு வீடும் இருக்காது. இருக்காவிட்டால் போகட்டும். முன்பின் தெரியாத மனுஷன், இரண்டு பெண் குழந்தைகள். வாயைத் திறந்தான். சொல்லத்தான் திறந்தான், சத்தியமாக.

"இது வேணாங்க," என்றாள் கொழுந்தியாள். "இது அத்தானோடது."

எக்ஸ்ரேக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் அவரிடம்தான் பேசினாள், கரண்ட் பில் கட்டியாயிற்று என்று சொல்கிற குரலில். "என் வீட்டுக்காரரோடது கீழ கிடக்குது பாருங்க, அதுதான். அன்னைக்குக் கரையில இருந்து போன் பண்ணினார். அத்தான் இருட்டுல என்னோடதுல ஏறிப் போயிட்டார், கூப்பிட்டு எறக்குவானேன், அவரோடதுலயே நான் போயிக்கிறேன்னு சொன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்."

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, அப்படியானால் சரி என்றார், தூசியைக் கழுவினால் இதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்றார், குனிந்து நாணயத்தால் தட்டினார், நெடுகக் கணீரென்றது. முன்பக்கத்தை அவர் பிடித்தார், பின்பக்கத்தை அவள் பிடித்தாள், இவனைக் கூப்பிடவில்லை, வாசலில் நின்ற அவர் வண்டிமேல் ஏற்றினார்கள். இரண்டு வருடமாக இது சகலையுடையது, இது சகலையுடையது என்று அவள் எதிரிலேயே சொல்லி வந்திருக்கிறான், அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சும்மா கீறல் என்று இவன் சொன்னதையும் சகலை போனில் சொல்லியிருப்பானா? நடுக்கடலில் கால் நனைய ஆரம்பித்த பிறகு இன்னொரு தடவை போன் செய்திருப்பானா? ஷெட்டுக்குள் குளிர்ந்தது, வெயில் இறங்காத நாலரை மணிக்கு. வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டே அந்த மனிதர் மரியாதைக்குக் கேட்டார், அப்போ சார் அதை எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போவீங்களா?

"ஆமா, வர்ற ஞாயித்துக்கிழமை போறார்," என்றாள் அவள். பிறகு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "போறீங்கல்ல அத்தான்?"

கோபம் இல்லை அந்த முகத்தில், அழுகையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவீங்களா என்று கேட்கிற முகம்தான் அது. ஆமா என்றான். அவன் வாய்தான் சொன்னது, தெளிவாக. சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது, அவளுக்குத் தெரியுமா, தெரியாதா, தெரியுமா, தெரியாதா என்று இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான், தெரிந்தால் அவள் எதற்காகக் காத்திருப்பாள் என்று மட்டும் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.