வழக்கம்போல என்ற சொல்

பேரிக்காய் விவசாயிகள் சங்கத்திலிருந்து வந்த கடிதம் ஒரே பக்கம்தான். அதில் ஒரே ஒரு சொல்தான் இடறியது. எம்மெட் ஹாக்லண்ட் இரண்டாம் முறை படிக்கும்போதே அதைப் பார்த்துவிட்டான்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதி அலுவலகத்தில் வேலை. வெளியிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் பணம் எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும் என்று பார்த்துச் சொல்வது அவன் பொறுப்பு. வாசல்கள் இரண்டு. ஒன்று ஒப்பந்தம். பணம் கொடுப்பவர் பதிலுக்கு ஏதாவது எதிர்பார்ப்பார். அப்போது ஆராய்ச்சிக்குப் போகும் ஒவ்வொரு நூறு டாலருக்கும் ஐம்பத்திரண்டு டாலர் மேற்செலவு என்று பல்கலைக்கழகத்துக்குத் தனியாக வைக்க வேண்டும். கட்டடம், மின்சாரம், நூலகம், எம்மெட்டின் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். இன்னொன்று நன்கொடை. கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், எதையும் கேட்க மாட்டார். அதற்கு மேற்செலவு கிடையாது.

முப்பது வருடமாகப் பள்ளத்தாக்கு விவசாயிகளிடம் யாரும் மேற்செலவு வாங்கியதில்லை. எழுதிவைத்த விதி என்று ஒன்றும் இல்லை. எப்போதோ ஒரு டீன் சரி என்று தலையாட்டியிருந்தார், அவ்வளவுதான். போன ஜூலையில் புதிய கொள்கை வந்தது. பூச்சிமருந்துக் கம்பெனியானாலும் சரி, நாற்பது தோட்டக்காரர்கள் சேர்ந்த சங்கமானாலும் சரி, தொழில் நடத்துகிறவர்கள் கொடுக்கும் பணம் என்றால் ஒரே விகிதம். சங்கத்தின் விதிப்புத்தகமோ மேற்செலவுக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்கக் கூடாது என்றது. அந்த வரியைப் போட்டவர்கள் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் வரி இருந்தது.

இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருந்தவை நானூற்றிருபது மரங்கள். பள்ளத்தாக்கில் இருந்த ஆராய்ச்சிப் பண்ணையில், பேராசிரியர் இங்ரிட் ஓக்கர்லண்டின் பேரி மரங்கள். கடும் குளிரைத் தாங்கும் அடிச்செடிகளில் ஒட்டுக்கட்டி நட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. பேரி சீக்கிரம் காய்க்காது. வரும் கோடையில்தான் முதல் முழுக் காய்ப்பு. எந்த அடிச்செடி தேறியது, எது தேறவில்லை என்பது அப்போதுதான் தெரியும். சங்கத்தின் பணம் வராவிட்டால் ஏப்ரலில் மரங்களைப் பிடுங்கிவிட்டு நிலத்தைத் திராட்சைக்காரர்களிடம் கொடுப்பதாகப் பண்ணை மேலாளர் எழுத்தில் சொல்லியிருந்தார்.

அதனால் இங்ரிட் சங்கத்திடம் பேசி, பணத்தை நன்கொடையாகக் கொடுக்கச் சொன்னார். அவர்களும் அப்படியே எழுதியிருந்தார்கள். நாற்பதாயிரம் டாலரை நன்கொடையாக வழங்குகிறோம் என்றது முதல் வரி. வழக்கம்போல டாக்டர் ஓக்கர்லண்ட் பிப்ரவரிக் கூட்டத்தில் அறிக்கை தருவார் என்றது இரண்டாம் வரி.

அறிக்கை கேட்டால் அது நன்கொடை இல்லை.

எம்மெட் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தான். அந்த மரங்களை ஒட்டுக்கட்டியவள் மாரிட். அவன் மனைவி. இங்ரிட்டிடம் கள உதவியாளராக ஐந்து வருடம் வேலை பார்த்தாள். அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அவன் சங்கத் தலைவருக்குப் போன் செய்து, அந்த வரி இருந்தால் விகிதம் ஐம்பத்திரண்டு என்று சொன்னான். தலைவர் வாலஸ் இமாமுரா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, போனில் பேசுகிற விஷயம் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் காலையில் இரண்டரை மணி நேரம் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார். அறுபத்தெட்டு வயது, குள்ளமான உருவம். கையில் ஒரு பெட்டி ஆஞ்சூ வகைப் பேரிக்காய். குளிர்க்கிடங்கிலிருந்து எடுத்து வந்தது. பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"இதையாவது வாங்கிக்கலாமா, இல்ல இதுக்கும் ஐம்பத்திரண்டா?"

"இருபது டாலருக்குக் கீழன்னா வாங்கிக்கலாம்."

"இந்த வருஷ விலைக்கு இருபதைத் தொடாது. பயப்படாம சாப்பிடு தம்பி."

அவர் பிப்ரவரிக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். எம்மெட்டுக்குத் தெரிந்ததுதான். மாரிட் வருடாவருடம் போய்வந்து சொல்வாள். சங்கத்தின் பணம் வாங்கிய விஞ்ஞானி யாராக இருந்தாலும் பழம் கட்டும் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். பிறகு கேள்விகள். அதற்கு நேரக்கணக்கு கிடையாது. ஒருமுறை தென்பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரிய விஞ்ஞானியை ஒன்றேகால் மணி நேரம் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் அதற்குப் பிறகு பேரிப் பக்கமே வரவில்லை. கேள்விகள் முடிந்து, கை தூக்கி ஓட்டுப் போட்டு, அடுத்த வருடத்துக்குப் பணம். வாலஸின் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

வாலஸ் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். "இந்த வரிய அடிச்சுட்டா சரியாயிடுமா?"

"அடிச்சா மட்டும் போதாது. நிஜமாவே கேக்கக் கூடாது."

"அவங்களா வந்து சொன்னா?"

"சொல்லலாம். நீங்க கேக்கக் கூடாது."

"நாற்பதாயிரம் குடுத்துட்டு, என்னம்மா ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

"கேட்டா அது ஒப்பந்தம்."

வாலஸ் பேனாவை எடுத்தார். உடனே அடிக்கவில்லை. தன் நாற்பது ஆட்களையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த வரியை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார். போகும்போது மாரிட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவளை அவருக்கு நன்றாகத் தெரியும். அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்பார்கள். அவன் நன்றாக இருக்கிறேன் என்பான். இவர் கேட்கவில்லை.

கோப்பில் போட வேண்டிய கடைசிப் படிவம் சொந்த நலன் பற்றியது. முடிவெடுக்கும் அதிகாரிக்கு அந்த ஆய்வில் சொந்த ஈடுபாடு உண்டா என்று கேட்கும். மூன்றாவது கேள்வி: உங்கள் துணைவர் இந்த ஆய்வில் பணிபுரிகிறாரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எம்மெட் பேனாவைத் திறந்தான், மூடினான். பிறகு எந்தக் கட்டத்திலும் குறிக்காமல் எடுத்துக்கொண்டு வெர்னாவின் அறைக்குப் போனான்.

வெர்னா டில்லட்ஸன் அவனுடைய மேலதிகாரி. புதிய கொள்கையை எழுதிய குழுவில் இருந்தவர். அவன் விஷயத்தைச் சொன்னான். அவர் படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"நிகழ்காலத்துலதான் கேக்குது" என்றார்.

"தெரியும். அதான் கொண்டுவந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவன் அதில் 'இல்லை' என்று குறித்திருந்தால் பொய் ஆகியிருக்காது. இருவருக்கும் அது தெரியும். வெர்னா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, இந்தக் கோப்பு இனி தன்னுடையது, முடிவும் தன்னுடையது என்றார். அதன் பிறகு சொன்னதை அவன் எதிர்பார்க்கவில்லை.

"ஒரு வரிய அடிச்சுக் காட்டிட்டா நான் நம்பணுமா? முப்பது வருஷமா கேள்வி கேட்டே பழகின ஆளுங்க. கூட்டத்துக்கு நானே போறேன். ஒருத்தர் வாயத் தொறந்து அந்த மரத்தப் பத்திக் கேட்டாலும் அது ஒப்பந்தம்தான். நீ வண்டிய ஓட்டு. அதுக்குப் படிவம் கிடையாது."

பிப்ரவரி இரண்டாம் வியாழன். கொட்டகையில் எரிவாயு அடுப்புகளை மூட்டியிருந்தார்கள். ஆனாலும் வாயைத் திறந்தால் புகைதான். காலையில் மற்ற விஞ்ஞானிகள் இருவர் நின்று பேசினார்கள். இருவரும் ஒப்பந்தக்காரர்கள், அவர்களுடைய மேற்செலவை மத்திய அரசுப் பணம் பார்த்துக்கொண்டது. ஒருவரை முக்கால் மணி நேரம் விடவில்லை. தெளிப்பு மருந்தின் அளவை அவர் காலனில் சொல்லாமல் லிட்டரில் சொல்லிவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர், அந்த லிட்டரை எந்த நாட்டில் ஊற்றினீர்கள் என்று கேட்டார். இங்ரிட்டின் பெயர் நிகழ்ச்சி நிரலில் இல்லை. அவர் மூன்றாம் வரிசையில் சாதாரண ஆளாக, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்கள் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெர்னா பின்னால் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் பன்றிக்கறி சாண்ட்விச்சும் பீன்ஸும். சாப்பிட்டதும் எல்லோரும் பண்ணைக்குப் போவது வழக்கம். இந்த வருடமும் போனார்கள். போவதை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை. முழங்கால் அளவு பனி. மொட்டை மரங்கள் வரிசையாக நின்றன. நாற்பது தோட்டக்காரர்களும் காபிக் கோப்பைகளோடு வரிசையின் முனையில் போய் நின்றார்கள். வெர்னா யாரிடமோ கடன் வாங்கிய ரப்பர் பூட்ஸில் நின்றார்.

ஒரு சத்தமும் இல்லை. பேசாமல் ஒரு நிமிடம் நிற்கத் தெரியாதவர்கள் அவர்கள். ஒருவர் இருமினார். இன்னொருவர் ஒரு மரத்தருகே போய், அடிப்பட்டையில் இருந்த நீளமான வெடிப்பை உற்றுப் பார்த்தார். பக்கத்து மரத்தைப் பார்த்தார், அதில் வெடிப்பு இல்லை. திரும்பி வந்து காபியைக் குடித்தார். முகம் சிவந்திருந்தது.

எஃப்ரைன் சராத்தே இளையவர். தோட்டக் கூலியாக வந்து, போன வருடம்தான் முப்பது ஏக்கர் சொந்தமாக வாங்கினார். வரும் வசந்தத்தில் எந்த அடிச்செடியை நடுவது என்று அவருக்கு முடிவெடுத்தாக வேண்டும். அவரால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், அந்த ஏழாவது வரிசையில—"

வாலஸ் அவருடைய பூட்ஸை மிதித்தார். சும்மா தொடவில்லை, முழுப் பாரத்தையும் வைத்து மிதித்தார்.

எஃப்ரைன் வாயை மூடினார். வெர்னா அவரையே பார்த்தார். எம்மெட் வெர்னாவைப் பார்த்தான். முடிந்தது என்று நினைத்தான். ஏப்ரலில் டிராக்டர் வரும்.

"ஏழாவது வரிசையில?" என்றார் வெர்னா.

எஃப்ரைன் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பனி ஜாஸ்தியா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர்கள் பட்ட பாடு தெரிந்தது. ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் இங்ரிட் நடக்க ஆரம்பித்தார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் மரத்தின் முன்னால் நின்று, அந்த மரத்திடம் சொல்வது போலப் பேசினார். இந்த அடிச்செடி போன குளிரில் பட்டை வெடித்தது, பக்கத்துச் செடி வெடிக்கவில்லை, காரணம் இன்னும் தெரியவில்லை. இரண்டாவது மரம், மூன்றாவது மரம். நாற்பது பேரும் அவர் பின்னாலேயே பனியில் நடந்தார்கள். ஏழாவது வரிசையில் அவர் மற்ற வரிசைகளைவிட அதிக நேரம் நின்றார். பூ மொட்டுகள் எத்தனை, தீக்கருகல் நோய் எத்தனை மரத்தில், தன் நிலமாக இருந்தால் எதை நடுவார் என்பது வரை சொன்னார். எஃப்ரைன் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். ஒரு கேள்வி இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

வெர்னா எம்மெட்டின் பக்கம் வந்தார்.

"யாராவது கேட்டாங்களா?"

"நான் இந்தக் கோப்புல இல்ல" என்றான் எம்மெட்.

வெர்னா தலையை ஆட்டினார். காருக்குப் போய், பானட்டின்மேல் கோப்பை விரித்து வைத்து, அதில் கையெழுத்துப் போட்டார். பேனா மை உறைந்திருந்ததால் இரண்டு முறை உதற வேண்டியிருந்தது. அடுத்த வருடம் இதையே வேறு யாராவது செய்து காட்டினால் ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்றும், கொள்கையில் விவசாயிகளுக்குத் தனி வரி ஒன்று போடக் குழுவைக் கூட்ட வேண்டும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது எரிச்சலாகத்தான் இருந்தார்.

எம்மெட் ஏழாவது வரிசைக்குப் போனான். ஒவ்வொரு மரத்திலும் ஒரு அலுமினியத் தகடு கம்பியில் தொங்கியது. அதில் பால்பேனாவால் அழுத்தி எழுதிய எண்கள். எழுபத்தேழாம் எண். ஏழுகளின் நடுவில் குறுக்குக்கோடு. மாரிட் அப்படித்தான் எழுதுவாள். வீட்டில் மளிகைப் பட்டியலிலும் அப்படித்தான். அவன் அதைப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. இந்தப் பதினான்கு மாதமாக எதைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

வாலஸ் வந்து பக்கத்தில் நின்றார். பையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்து, கத்தியால் இரண்டாக வெட்டி, பாதியை அவனிடம் நீட்டினார். இருவரும் தின்றார்கள். பழம் பல்லைக் கூசவைத்தது. வாலஸ் மரத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை. எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எம்மெட்டே பேசினான்.

"அவ பூட்ஸ் இன்னும் கார் ஷெட்டுலதான் இருக்கு. சேறு காஞ்சுபோய். நான் அந்தப் பக்கக் கதவைத் தொறக்கறதில்ல. முன்வாசல் வழியா சுத்தி வர்றேன்."

வாலஸ் கத்தியைத் துடைத்து மடக்கினார். சரி என்றோ, பாவம் என்றோ சொல்லவில்லை. அங்கேயே நின்றார்.

"ராத்திரி சமைக்கறதில்ல" என்றான் எம்மெட். பிறகு இன்னும் சிலவற்றைச் சொன்னான்.