எட்டு மணி வண்டி

எட்டடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. அரசு சுற்றுலாக் கழகப் பேருந்தின் படியில் நின்றபடி வழிகாட்டி அம்மாள் தலைகளை எண்ணினாள். நாற்பது இருக்கைகளில் பதினொரு தலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வண்டியில் ஜன்னலோரம் கேட்டு ஆட்கள் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அப்போதிருந்த மேலாளர் அம்மா ஏழே முக்காலுக்கே வண்டிப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். எட்டானால் விசில். பிந்தி வருபவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் வண்டி கிளப்பிய புழுதியைத்தான் பார்க்க வேண்டும். படகுத்துறைக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். தீவுக்கு நாளுக்கு ஒரே படகு, அதுவும் பத்து மணிக்கு. அந்த அம்மா இருந்தவரை ஒருநாள்கூட அது தவறியதில்லை. எட்டு மாதத்துக்கு முன் அவரை மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்த மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'பதினஞ்சு நிமிஷம்'. மேலிடத்து உறவு யாராவது வருவார்கள், வண்டி நிற்கும், பதினைந்து நிமிடம் ஒரு மணி நேரமாக வளரும், படகு போய்விடும். உண்மையைச் சொன்னால் பயணிகள் புகார் எழுதுவார்கள். அதனால் "கடல் சரியில்லை, இன்று படகு இல்லை" என்று ஒலிவாங்கியில் சொல்வது அவள் வேலையாயிற்று. தாம்பாளத்துத் தண்ணீராய் அசையாமல் கிடக்கும் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எட்டு மாதமாய்ச் சொல்கிறாள்.

நேற்றுக் கடிதம் வந்தது. மாத முடிவோடு இந்த வண்டி நிறுத்தம். காரணம், பயணிகள் குறைவு. குறைவுக்குக் காரணம், வழிகாட்டியின் அக்கறையின்மை. பின்னது மேலாளர் எழுதி அனுப்பிய வரி. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டார். நாளைக்குப் போடுகிறேன் என்று வந்துவிட்டாள். இருபத்திரண்டு வருட வேலை. காலையில் பல் தேய்க்கும்போதுகூட அந்த வரிதான் வாயில் கசந்தது.

"ஏம்மா, இன்னைக்காவது கடல் சரியா இருக்குமா?"

மூன்றாம் வரிசைப் பெரியவர். மடியில் சாப்பாட்டுப் பை.

"முந்தாநாளும் நீங்கதானே வந்தீங்க?"

"நானேதான். அன்னைக்குக் கடலைப் பாத்தேன். என் கண்ணுக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது. வெவரம் தெரிஞ்சவங்க சொல்றீங்கன்னு பேசாம இருந்துட்டேன். அந்தத் தீவுல வெளக்குக் கோபுரம் இருக்கே, அதுக்கு வெள்ளையடிச்சவன் நான். கயித்துல தொங்கிக்கிட்டு அடிச்சேன். இப்ப ஸ்டூல்ல ஏறுனாலே பொண்ணு திட்டுறா. நாளைக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. இன்னைக்கு விட்டா விட்டதுதான்."

அலுவலகப் படியில் மேலாளர், காதில் கைப்பேசியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"டைரக்டரோட சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. இப்பதான் குளிக்கப் போயிருக்காங்களாம். ஒரு பதினஞ்சு நிமிஷம்."

"படகு போயிடும் சார்."

"கடல் சரியில்லேன்னு சொல்லுங்க. உங்களுக்கென்ன புதுசா?"

"பழசாயிடுச்சு சார். அதான் வாயில வரமாட்டேங்குது."

"லெட்டரப் பாத்தீங்கல்ல? அதுக்கப்புறமும் இந்தப் பேச்சா?"

"பாத்தேன் சார். அக்கறை இல்லேன்னு போட்டிருந்துச்சு. உறைச்சுது. அதான் இன்னைக்குக் கொஞ்சம் அக்கறையா இருந்து பாக்கலாம்னு."

முன்னிருக்கையில் ஓட்டுநர் இருமினார். சிரிப்பை இருமலாக்குவது அவருக்குப் பழக்கம். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, எடுங்க."

"எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கும்மா."

"உங்க பேரு இதுல வராதுண்ணே. விசில் அடிச்சா வண்டி எடுக்கணும், அதுதான் ரூல். அடிச்சது நான்னு சொல்லிடுங்க."

பழைய மேலாளர் மாற்றலாகிப் போன அன்று மேசையில் விட்டுச் சென்ற விசில், அவள் பையின் அடியில் சீப்புக்கும் மாத்திரைக்கும் நடுவே கிடந்தது. எடுத்து ஊதினாள். பதினொரு தலைகளும் நிமிர்ந்தன.

"கேட்டுச்சும்மா, காதுக்கு ஒண்ணும் ஆகல" என்று ஓட்டுநர் கியரைப் போட்டார். மேலாளர் வண்டியின் பக்கவாட்டைப் படபடவென்று தட்டிக்கொண்டே பத்தடி ஓடி வந்தார். பிறகு கண்ணாடியில் சிறுத்துப் போனார்.

ஊர் எல்லை தாண்டும் முன்பே அவள் மடியில் கைப்பேசி அதிர ஆரம்பித்தது.

"எடுக்கலையாம்மா?"

"வண்டி ஓடுறப்போ வழிகாட்டி போன் பேசக்கூடாதுண்ணே. அதுவும் ரூல்தான்."

இந்த முறை அவர் இருமவில்லை, வாய்விட்டே சிரித்தார். தோள் துண்டை எடுத்து நீட்டினார். அவள் கைப்பேசியைத் துண்டில் சுற்றிக் காலடியில் வைத்தாள். அது உள்ளுக்குள் முனகிக்கொண்டே வந்தது. திரும்பிப் போனதும் அந்தக் கையெழுத்தைப் போடத்தான் வேண்டும். போடும்போது, எட்டு மாதமும் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பக்கத்திலேயே எழுதிவிட்டுத்தான் போடுவாள். இடம் போதாவிட்டால் பின்பக்கம் இருக்கிறது.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ஒன்பது ஐம்பத்தைந்துக்குத்தான் வளைவு திரும்பிக் கடல் தெரிந்தது. அவள் ஒலிவாங்கியை எடுத்தாள். "இன்னைக்குக் கடல்..." என்றதும் நாக்கு பழைய தடத்துக்கே போகப் பார்த்தது. நிறுத்திக்கொண்டாள்.

"இன்னைக்குக் கடல் நல்லா இருக்குங்க. என்னைக்குமே நல்லாத்தான் இருந்துச்சு."

பெரியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். துறையில், படகுக்காரர் கட்டை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், எட்டு மாதமாய் அந்த நேரத்தில் வராத பேருந்தை நம்பாதவர்போலப் பார்த்து, சுருட்டிய கயிறு கையிலேயே இருக்க, அப்படியே நின்றார்.