ஓய்வு வகுப்பின் ஒரே சாட்சி

எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கிடையாது. சும்மா கிடைப்பதை விட்டுவிடுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, சேர்ந்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை என்பதால் மதிப்பெண்கள் தாமாகவே நன்றாக வந்தன. அதைப் பார்த்து, நன்றாகப் படிப்பவர்களுக்கென்று இருக்கிற ஆனர்ஸ் திட்டத்துக்கு அழைத்தார்கள்.

அதில் என்னென்ன கிடைக்கும் என்று அதன் இயக்குநர் டாக்டர் ஹப்பர்ட் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். பெரிய அரங்கில் நூறு பேரோடு நெருக்கியடிக்க வேண்டாம், வட்டமேஜையைச் சுற்றி ஒரு சிறு கூட்டமாக உட்கார்ந்து விவாதிக்கலாம். ஒவ்வொரு பருவமும் மற்ற மாணவர்களுக்கு முன்னால் நமக்கு வேண்டிய வகுப்புகளில் இடம் பிடிக்கலாம். பட்டமளிப்பு அன்று கழுத்தில் பொன்னிறக் கயிறு போடுவார்கள். ஆனர்ஸ் கூடத்தில் ஒரு நீளமான சோபாவும் காபி இயந்திரமும் இருக்கின்றன. அவர் கடைசியில் சொன்ன சோபாவுக்கும் காபிக்கும் நான் சேர்ந்தேன். டெல்லா வோய்ட் இடம் பிடிப்பதற்காகச் சேர்ந்தாள்.

டெல்லா செவிலியர் படிப்புக்குப் போக விரும்பிய பெண். விடிவதற்கு முன்பே டோனட் கடையில் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கத் தொடங்குவாள், மதியம்தான் விடுவார்கள். செவிலியர் படிப்புக்கு அனாடமி, அதாவது உடற்கூறியல் பாடம் முடித்திருக்க வேண்டும். அனாடமி மதிய வகுப்பு ஒன்றே ஒன்றுதான். பதிவு திறந்த அன்றே அது நிரம்பிவிடும். முதல் ஆளாய்ப் போய் இடம் பிடிக்காவிட்டால் ஒன்று வேலையை விட வேண்டும், இல்லை படிப்பை விட வேண்டும். வேலையை விட்டால் படிப்பும் தானாக விட்டுப்போகும். இதுதான் அவள் நிலைமை.

ஆனால் ஆனர்ஸில் இருக்க வேண்டுமானால் ஆனர்ஸ் கருத்தரங்கில் 'பி' கிரேடுக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்தப் பருவத்தின் கருத்தரங்கு ஓய்வைப் பற்றியது. ஓய்வின் வரலாறு, ஓய்வின் தத்துவம் என்று வாரத்துக்கு ஒரு தடித்த புத்தகம் படிக்கச் சொன்னார்கள். படித்துப் படித்து அந்தப் பிள்ளைகள் அடைந்த களைப்பை நான் சொன்னால் மிகை என்பார்கள். ஒரு பையன் மாடி ஏறும்போது அவனுடைய நிழல் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டது. அவன் மட்டும் வகுப்புக்கு வந்தான். திரும்பிப் போகும்போது கூட்டிக்கொண்டு போனான்.

இப்படிச் சொல்வதால் எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. அதற்கு முந்தைய மார்ச்சில் பேராசிரியர் ஹால்வார்ட் ஸ்ட்ராண்ட் திறந்த ஜன்னலருகே நின்று பாடம் நடத்தினார். நெப்ராஸ்கா காற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் அப்படி நிற்கமாட்டார்கள். பேச்சு முழுக்க வெளியே போய்விட்டது. அடுத்த மாவட்டத்தில் வேலி கட்டிக்கொண்டிருந்த இரண்டு விவசாயிகள் அந்தப் பாடத்தில் தேறிவிட்டார்கள். எங்களுக்குத்தான் மறுபடி நடத்தினார். இதை நான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். ஆகவே இந்த ஆர்வில் உப்பு கரிக்கும் என்று சொன்னால்கூட நம்பக் கூடாது என்று ஆனர்ஸ் கட்டடம் முழுக்கப் பேச்சு.

கருத்தரங்கில் ஒவ்வொரு மாணவரும் ஒருநாள் விவாதத்தை நடத்த வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். டெல்லாவின் முறை ஒருதடவை வந்து, கடையில் ஆள் வராததால் தவறிப்போயிருந்தது. இன்னொரு நாள் கொடுத்தார்கள். அன்றும் கடையில் ஆள் வரவில்லை. அவள் மட்டும் இரண்டு ஆள் வேலையைச் செய்துவிட்டு, தலைமுடியில் சர்க்கரைத் தூளோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆர்வில், நான் பேசறப்போ கண்ணு சொருகிச்சுன்னா என் காலை மிதிங்க."

"என் பூட்ஸ் கனம்மா. எலும்பு உடைஞ்சிரும்."

"உடையட்டும். அனாடமி படிக்க வசதியா இருக்கும்."

"இன்னிக்கு என்ன கேள்வி வெச்சிருக்கே?"

"அடுப்பு பக்கத்துல எழுதி வெச்சேன். எண்ணெய் பட்டு எல்லாம் போச்சு. ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

எங்கள் கருத்தரங்கில் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேட்டவர் பதில் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. மௌனத்துக்குப் பயந்து தானே பதில் சொல்லிவிடுவது மட்டமான ஆசிரியரின் அடையாளம் என்று கருத்தரங்கை நடத்திய ஸ்ட்ராண்ட் முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் எவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருக்கிறோமோ அவ்வளவு ஆழமான வகுப்பு என்று எங்களுக்கு எண்ணம்.

டெல்லா மேஜையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நீங்க கடைசியா எப்போ ஒண்ணுமே செய்யாம இருந்தீங்க?" என்று கேட்டாள். பிறகு கைகளை மேஜைமேல் மடித்து வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்தாள்.

எல்லாரும் இதை ஓர் உத்தி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி குறிப்பெடுத்தாள். நேரம் போயிற்று. எனக்கு மட்டும் அந்த மூச்சின் சத்தம் புரிந்தது. சொன்னபடி பூட்ஸை இறக்கினேன். மேஜைக்கு அடியில் யார் கால் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அது ஸ்ட்ராண்டின் கால். அவர் அப்போதுதான் ஏதோ சொல்ல வாய் திறந்திருந்தார். மௌனத்தைக் கலைக்காதே என்று நான் எச்சரிப்பதாக நினைத்து, வெட்கப்பட்டு, எனக்குத் தலையசைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு பேச யாருக்கும் துணிவில்லை.

முதலில் குறிப்பெடுத்தவளின் பேனா நின்றது. அப்புறம் நிழலை விட்டு வந்த பையன். அப்புறம் மேஜையின் அந்தப் பக்கம் வரிசையாக, காற்றுக்குச் சோளப்பயிர் சாய்வதுபோல. கடைசியாக ஸ்ட்ராண்ட். அவருக்கு வீட்டில் இரட்டைக் குழந்தைகள், பல் முளைக்கிற பருவம். அவர் விட்ட குறட்டையில் சுவர்க்கடிகாரம் நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். சொல்லட்டும். நான் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சோபாவில் நன்றாகத் தூங்கிவிட்டு வந்தவன் என்பதால் விழித்திருந்தேன்.

கதவுக்கு வெளியே டாக்டர் ஹப்பர்டின் குரல் கேட்டது. சேர்வதற்கு முன் சுற்றிப்பார்க்க வந்த பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தார்.

"இதுதான் எங்க பெருமை. சின்ன வகுப்பு, உயிரோட்டமான விவாதம். நீங்களே பாருங்க," என்று கதவைத் திறந்தார்.

பார்த்தார்கள். ஓர் அம்மா மெதுவாகக் கேட்டார்: "இவங்களுக்கெல்லாம் உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"சத்தம் போடாதீங்க. விவாதம் நடக்குது," என்றேன்.

"எதைப் பத்தி?"

"ஓய்வைப் பத்தி. இப்பதான் ஒருமனதா ஒரு முடிவுக்கு வந்தாங்க."

அந்த அம்மாவோடு வந்த பெண்ணின் கண்ணுக்குக் கீழே இப்போதே கருவளையம். உள்ளே எட்டிப் பார்த்தவள், "அம்மா, நான் இங்கயே சேர்றேன்," என்றாள்.

டாக்டர் ஹப்பர்ட் அவர்களைக் காபிக்கு அனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்தில் எல்லாரும் எழுந்தார்கள், டெல்லாவைத் தவிர.

"ஹால்வார்ட், என்ன இதெல்லாம்?"

ஸ்ட்ராண்ட் கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியில் இருந்தது. "டெல்லா வகுப்பு நடத்தறா. மௌனம் ஒரு முறை. நான்... கடைசிப் பகுதியைச் சரியா கவனிக்கல."

"வேற யாராவது கவனிச்சீங்களா?"

யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் ஹப்பர்ட் பெருமூச்சு விட்டார்.

"வேற வழியில்ல. ஆர்வில், இந்த ஒருதடவையாவது நடந்ததை நடந்தபடி சொல்லுங்க."

டெல்லாவின் அனாடமி வகுப்பை நினைத்தேன். நல்ல பொய்கள் நாலைந்து கைவசம் இருந்தன. ஆனால் என் பொய்யால் அந்த வட்டாரத்தில் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் கிடையாது; நம்பினால்தானே? அதனால் உண்மையைச் சொன்னேன்.

"ஒரு கேள்வி கேட்டா. தூங்கிட்டா. அவளைப் பார்த்து எல்லாரும் தூங்கிட்டாங்க. நான் புரொபசர் காலை மிதிச்சேன்."

"வேலி கட்டின விவசாயிங்க இதுலயும் பாஸா?" என்றார் டாக்டர் ஹப்பர்ட். "தூங்கற பொண்ணு ஒரு வகுப்பையே தூங்க வெப்பாளா? கேட்கறவங்க சிரிப்பாங்க. சரி, ஹால்வார்ட், மௌனப் பயிற்சின்னே மார்க் போடுங்க. முடிஞ்சது."

ஸ்ட்ராண்டின் முகத்தில் நிம்மதி. நானும் மூச்சு விட்டேன். அப்போதுதான் டெல்லா தலையைத் தூக்கினாள். கன்னத்தில் சட்டைக்கையின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது.

"இல்ல, அவர் சொன்னது நிஜம். நான் தூங்கிட்டேன்," என்றாள். "கண்ணைத் திறந்து வெச்சுக்க முடியல. பயிற்சி ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்குங்க."

அடிப்பாவி, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். காலியாக இருந்த நாற்காலியொன்றை இழுத்து டாக்டர் ஹப்பர்ட் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

"மத்தவங்களுக்கு முன்னாடி பதிவு பண்ணலாம்னுதானே ஆனர்ஸ்ல சேர்ந்தே?"

"ஆமா."

"எல்லாரும் அதுக்குத்தான் சேர்றாங்க. விவாதத்துக்காக யாரும் வர்றதில்ல," என்றார் யாரையும் பார்க்காமல்.

ஸ்ட்ராண்ட் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "கேள்வி இன்னும் அப்படியே இருக்கே. பதில் சொல்லாம எழுந்து போறது மரியாதை இல்ல. ஒண்ணும் செய்யாம இருந்தது... இப்பதான். அதுக்கு முன்னாடி, குழந்தைங்க பிறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஏரிக்கரையில. படகு ஓட்டப் போனோம். ஓட்டல."

குறிப்பெடுத்தவள் தனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டதைச் சொன்னாள். அதைத்தான் தன் வாழ்வின் நல்ல வாரம் என்றாள். நிழல் பையன் அவளை மறுத்தான்: உடம்பு சரியில்லாமல் கிடப்பது எப்படி ஓய்வாகும்? இன்னொருவன் இடையில் புகுந்தான். டெல்லா, "அப்போ சம்பளம் இல்லாத லீவு ஓய்வா, தண்டனையா?" என்று கேட்டாள். சண்டை வந்தது. வகுப்பு நேரம் முடிந்தது. கடிகாரம் நின்றிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் ஹப்பர்டின் முறையும் வந்தது.

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றார். அதுவரை அந்த மேஜையில் சொல்லப்பட்ட பதில்களில் அதுதான் கடினமானது.

ஸ்ட்ராண்ட் 'பி' போட்டார். விவாதம் நடந்தது, ஆனால் தாமதமாகத் தொடங்கியது என்று காரணம் சொன்னார்.

பதிவு திறந்த நாளன்று டெல்லா கடையிலிருந்து நேரே ஆனர்ஸ் கூடத்துக்கு வந்தாள். மடிக்கணினியைத் திறந்து, அனாடமி மதிய வகுப்பில் ஓர் இடத்தைப் பிடித்தாள். "கிடைச்சிருச்சு, ஆர்வில்," என்றாள். நான் வாழ்த்துச் சொல்வதற்குள் சோபாவில் முழு நீளத்துக்கும் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

எனக்கு உட்கார இடமில்லை. காபியாவது குடிக்கலாம் என்றால், அந்த இயந்திரம் சரக்கு ரயில்போலச் சத்தம் போடும். எதற்காக ஆனர்ஸில் சேர்ந்தேனோ அந்த இரண்டுமே அன்றைக்கு எனக்கு இல்லை. தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடிக் கடையில் மோசமான காபி குடிப்பதற்காகக் காற்றில் நடந்தேன்.