எடுக்காமல் விட்ட குழாய்

பத்து மணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அதற்கு முன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். செல்வலட்சுமி கட்டிலில் உட்கார்ந்து போர்வையின் பிசிரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட்டில் வருஷக்கணக்காகத் தேயிலைக் கொழுந்து எடுத்த கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

டாக்டர் வந்ததும் எழுந்து நின்றாள். மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த பேச்சு.

"சார், பைய எடுக்கும்போது ரெண்டு பக்கத்துக் கருக்குழாயையும் சேத்து எடுத்துருங்க. எங்கக்கா குருவம்மா ஓவரி கேன்சர்லதான் செத்தா. அந்த நோவு நெறையப் பேருக்குக் குழாயிலதான் தொடங்குதுன்னு கேம்புக்கு வந்த லேடி டாக்டர் சொன்னாக."

"அது நல்லதுதான். ஓவரிய விட்டுட்டு, குழாய மட்டும் எடுக்கலாம். உடம்புக்கு ஒரு கெடுதலும் வராது," என்றார் டாக்டர். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அக்காவின் வயிறு நிறைமாசக்காரி மாதிரி வீங்கியிருந்தது. வாயு என்று டிஸ்பென்சரி மாத்திரையை விழுங்கிக்கொண்டே கிடந்து போய்ச் சேர்ந்தாள். அந்தப் பயம் இன்றோடு விட்டது என்று செல்வலட்சுமி நினைத்தாள்.

மயக்கம் தெளிந்ததும் மலையாளி நர்ஸ் டின்சியிடம் அதைத்தான் முதலில் கேட்டாள்.

"குழாயும் எடுத்தாச்சுல்ல சிஸ்டர்?"

"இல்ல சேச்சி. பை மட்டும்தான். சார் தியேட்டர் வாசல்ல உங்க ஹஸ்பண்டுகிட்ட ஒருக்கா கேட்டாரு. அவர் வேண்டாம்னு பறஞ்சு."

"நாந்தான் சொல்லிட்டேனே?"

டின்சி டிரிப்ஸைச் சரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

புருஷன் பிச்சைமணி கஞ்சித் தூக்கோடு வந்தான். டூரிஸ்டுகளை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவன்.

"எதுக்கு வேண்டாம்னீக?"

"பைய எடுத்தாலே இடுப்பு போயிரும்ங்காக. நம்ம லயத்துல ஆபரேஷன் பண்ணுனவ எவளாவது பழையபடி மூட்ட தூக்குறாளா? இன்னும் ரெண்டையும் எடுத்துப்புட்டா? நீ வேலைக்குப் போகலைன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க புள்ள. எங்க போயி நிக்கிறது?"

லயத்து வீடு எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான். பிச்சைமணி எஸ்டேட் ஆள் இல்லை.

"குழாய்க்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்? டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கதவத் தொறந்து தலைய நீட்டி, எடுக்கவா வேண்டாமாங்காரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"என் வயித்துக்குள்ள இருக்குறதுக்கு என் வாய் பத்தலையா?"

அவன் கஞ்சியை ஆற்றினான். உப்பு சரியாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் விட்டுப் பார்த்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. குரலை உயர்த்தினால் தையல் இழுத்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரிடம் கேட்டாள். "இப்ப எடுக்க முடியாதா சார்?"

"இதுக்காக மட்டும் இன்னொரு ஆபரேஷன் வேண்டாம். உங்க ஹஸ்பண்டுதானே சம்மதிக்கல? பயப்படாதீங்க. வயிறு உப்பினா உடனே வாங்க."

"எங்கக்காவும் வயிறு உப்புன பொறவுதான் சார் வந்தா."

அவர் அதற்குள் அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டார்.

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று, மூட்டையைத் தலையில் சுமந்து வந்து எடை போடும் இடத்தில் இறக்கினாள். "பரவால்லையே, பழையபடி தூக்குற!" என்றார் சூப்பர்வைசர் ராஜசேகர். ரோட்டோரம் ஜீப்போடு நின்ற பிச்சைமணிக்கு அது கேட்டது. முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா? அன்னைக்கு நான் யோசிச்சது நல்லதாப் போச்சு."

மறுநாள் காலையில், கொழுந்துக்குப் போகிற எல்லோரையும் போல இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினாள். பழைய முடிச்சு விழுந்து விழுந்து கயிற்றில் ஓரிடம் நைந்திருந்தது. புது முடிச்சு அங்கேயே விழுகிறதா என்று விரலால் தடவினாள். கொஞ்சம் தள்ளி, கயிற்றின் நுனிப் பக்கமாக இருப்பதுபோலத் தோன்றியது. அக்காவின் வயிறு ஞாபகம் வந்தது.

"கெளம்பலையா புள்ள?" பிச்சைமணி வாசலில் ஹாரன் அடித்தான்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி கட்டினாள்.