களத்தில் இறங்கும் முன்

எனக்கு வாய் நீளம். பாபநாசத்தில் எங்கள் ரைஸ் மில் பக்கம் கேட்டுப் பாருங்கள், அமலோற்பவம் சண்டை போடாத நாள் உண்டா என்று. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வரிசையாக நடந்து காலால் கிளறிக் காயவைப்பதுதான் எங்கள் வேலை. உச்சி வெயிலில் சிமெண்டுத் தரை காலைப் பொசுக்கும். ஆனாலும் பேச்சு ஓயாது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி ஆள் வந்து கால் கழுவும்வரை யாரும் களத்தில் இறங்கமாட்டோம். ஒருத்தி முன்னால் இறங்கிவிட்டால் மற்றவள் தாமதம் என்று கூலியில் பிடிப்பார்கள். அதற்காக வந்த வழக்கம். மேனேஜர் எவ்வளவு கத்தினாலும் அசையமாட்டோம்.

அந்த வருஷம் சுற்றிலும் கூலித் தகராறு. வயலில் சிவப்புக் கொடி, கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி. நாங்களும் கூலியைக் கூட்டிக் கேட்டோம். முதலாளி நெல்லைக் காயவைக்கும் டிரையர் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார்.

"மிஷின் கொடி பிடிக்காது," என்றார் மேனேஜர் தியாகேசன். "கீழ சிந்தறதக் கூட்டி அள்ள ஒரு பொம்பள போதும். அவளுக்கு நிரந்தர வேலை. மத்தவங்க கணக்கத் தீத்துக்கலாம்."

அது யார் என்று எங்களையே முடிவு செய்யச் சொன்னார். அடித்துக்கொண்டு சாவோம் என்று நினைத்திருப்பார், பாவி மனுஷன்.

"அமலோற்பவத்துக்குக் குடுங்க. புருஷனும் இல்ல, ரெண்டு பொண்ண வச்சிருக்கா," என்றாள் களத்தில் என் பக்கத்தில் நடக்கும் சௌந்தரநாயகி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார்கள். நான் டிரையரோடு இருந்தேன். அது போடும் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்காது. மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால், குழம்பில் உப்பு போதவில்லை என்று குறை சொல்லக்கூட ஆள் கிடையாது. ஒரு நாள் அந்த மிஷினையே நிற்கவைத்துத் திட்டினேன். திட்டி முடித்ததும் இன்னும் தனியாக இருந்தது.

தை மாதம் டிரையர் படுத்துவிட்டது. அவித்த நெல் குவியலாகக் கிடந்து புளித்த வாடை அடித்தது.

"பழைய ஆளுங்களக் கூட்டிட்டு வா," என்றார் தியாகேசன்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஓட்டமும் நடையுமாகத் தெருத்தெருவாகப் போனேன். ஒரு நாளாவது அந்த வரிசையில் நடந்துவிட வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வந்தார்கள்.

"என்னடி இப்படி இளைச்சுட்ட? மிஷினு சோறு போடலையா?" என்று கன்னத்தைக் கிள்ளினாள் சௌந்தரநாயகி. நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் தியாகேசன் கூப்பிட்டு, குடோன் கதவைத் திறந்துவிடச் சொன்னார். திறந்துவிட்டு, குழாயடிக்கு ஓடிக் கால் கழுவினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினேன்.

அவர்கள் களத்தில் இறங்கிப் பாதி தூரம் போயிருந்தார்கள்.

"ஏண்டி, எனக்காக நிக்கலையா?"

சௌந்தரநாயகி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை, நிஜமாகவே திகைத்துப்போயிருந்தாள்.

"நீயும் எறங்கப் போறியா? நாங்க நெனைக்கவே இல்லையேடி. நீ மில்லு ஆளாச்சே."

ஈரக் காலோடு களத்தின் ஓரத்தில் நின்றேன். கால் காய்ந்ததும், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு டிரையர் பக்கம் போனேன்.