கெல்ட்டியத் தலைவனின் செத்தவீடு

பிணமாகக் கிடப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் நானே கிடந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

எண்பத்தைந்தாம் ஆண்டு, ஜூலை மாதம். சண்டை நிறுத்தம் என்று சொல்லிக்கொண்டார்கள், சனம் கொஞ்சம் மூச்சு விட்டது. பண்டத்தரிப்பிலிருந்து கடற்கரைக்குப் போகும் தெருவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். நாலு வருடங்களுக்கு முன் ஒரு புலமைப்பரிசில் கிடைத்து, வேல்ஸ் நாட்டில் ஒன்பது மாதம் இருந்துவிட்டு வந்தவன். போன இடத்தில் படித்ததைவிட விசர் பிடித்ததுதான் கூட. அங்கே ஒரு மலையடிவாரத்தில் சிலர் சேர்ந்து, இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னர் அந்த மண்ணில் வாழ்ந்த கெல்ட்டியர்களின் ஊர் ஒன்றைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். வட்டமான மண் வீடுகள், நடுவில் அடுப்பு. வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் சனிக்கிழமைகளில் வந்து, கட்டம் போட்ட கம்பளியைச் சுற்றிக்கொண்டு இரும்பு காய்ச்சி அடிப்பார். ஒரு பல் வைத்தியர் திரிகையில் கோதுமை அரைப்பார். ஒரு அம்மாள் சாணியும் மண்ணும் குழைத்துச் சுவர் பூசுவார், அதைச் சனம் டிக்கெட் எடுத்து வந்து பார்க்கும். என் அம்மா ஆயுள் முழுக்கச் சாணி மெழுகினார். ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

பகிடி ஒருபக்கம் இருக்க, எனக்கு அது பிடித்துப்போயிற்று. புத்தகத்தில் வாசிக்கிற காலம் வேறு, அதே காலத்தின் புகைக்குள் இருந்து கண் எரிகிறது வேறு. ஊருக்கு வந்த நாளிலிருந்து அதைச் செய்து காட்டவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடக் கண்காட்சி என்ற பேச்சு வந்ததும் அதிபர் இராசநாயகத்தைப் பிடித்துக்கொண்டேன். “எங்கடை ஆக்களைச் செய்யலாமே மாஸ்ரர், உந்தக் கெல்ட்டியர் என்னத்துக்கு?” என்று கேட்டார். எங்கடை ஆட்களைச் செய்தால் ஆயிரம் பேர் ஆயிரம் பிழை பிடிப்பார்கள், கெல்ட்டியரை அறிந்தவன் இங்கே நான் ஒருவன்தான் என்று சொன்னேன். உள்ளதைச் சொன்னால், அந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு இனித்தது.

மைதானத்தின் மூலையில் வட்டவீடு எழும்பியது. வரிச்சுத் தடி கட்டி மண் அப்பினோம், மேலே பனையோலை வேய்ந்தோம். புகை போக ஓட்டை வைக்கவில்லை என்று வேய வந்தவர்கள் சண்டை பிடித்தார்கள். ஓட்டை வைத்தால் காற்று இழுத்துக் கூரை பற்றிவிடும், புகை ஓலைக்குள்ளால் கசிந்து போகும் என்று சொல்லி நிறுத்தினேன். சுளகுகளுக்குத் துணி ஒட்டிக் கேடயம் செய்தோம். சைக்கிள் பிரேக் கம்பியை முறுக்கிக் கழுத்து வளையம் செய்தோம். கெல்ட்டியர் முகத்தில் நீலம் பூசினார்கள் என்பதற்காக, வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் பிள்ளைகளின் முகத்தில் அப்பினேன்.

கண்காட்சியின் உச்சம் ஒரு தலைவனின் செத்தவீடு. அவர்கள் தலைவனைக் குழியில் வைத்து, வாளும் பானையும் பன்றித் தொடையும் பக்கத்தில் வைப்பார்கள். பன்றித் தொடையைக் களிமண்ணில் செய்தோம், சைவப் பள்ளிக்கூடம். பிணமாகக் கிடக்கத் தங்கள் பிள்ளையை விட எந்தப் பெற்றோரும் சம்மதிக்கவில்லை. எனக்குக் கலியாணமும் ஆகவில்லை, அம்மாவும் இல்லை, தடுக்க ஆளில்லாத பிணம் நான்தான். ஆனால் அழ ஆள் வேண்டும். வேல்ஸில் அந்தப் பெண்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். தடிமன் பிடித்தவர்கள் மூக்கைச் சீறுவதுபோல இருந்தது. எங்கள் நல்லம்மாக்கா அழுதால் கல்லும் எழும்பி நிற்கும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

நல்லம்மாக்கா எங்கள் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துப்புரவாக்குகிறவர். வீடு மைதானத்து வேலிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில். எந்தச் செத்தவீட்டிலும் அவர் வாய் திறந்த பிறகுதான் மற்றப் பெண்களுக்கு அழுகை வரும். ஆனால் பதினாலு மாதமாக அவர் ஒரு செத்தவீட்டிலும் அழவில்லை. அவருடைய ஒரே மகன் தம்பிராசா முந்திய வருடம் வைகாசியில் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. படகும் இல்லை, உடலும் இல்லை, தகவலும் இல்லை. இந்தியாவில் எங்காவது மறியலில், சிறையில் அடைபட்டு இருப்பான் என்பது தாயின் நம்பிக்கை. மருமகள் இராசமலருக்கு இருபத்துநாலு வயது, கையில் மூன்று வயதுப் பெண்பிள்ளை. ஜேர்மனியில் இருந்த இராசமலரின் தமையன், பிள்ளையையும் கொண்டு வா என்று எழுதிக்கொண்டே இருந்தான். ஒரு முடிவு தெரியட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த முடிவைத் தேடி இங்கிலீசில் கடிதம் எழுதிக் கொடுத்தது நான். செஞ்சிலுவைக்கு, தமிழ்நாட்டு மறியல்களுக்கு என்று பதினொரு கடிதங்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

“என்னை அழக் கேக்காதேங்கோ மாஸ்ரர்,” என்றார் நல்லம்மாக்கா. “நான் இப்ப வாய் திறந்தா அது அவனுக்கெண்டு ஆகிப்போகும்.”

“நடிப்பக்கா. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்திச் செத்தவனுக்கு.”

“அவனுக்குப் பேர் என்ன?”

“பேர் தெரியாது.”

“பேர் தெரியாத பிணத்துக்கு என்னெண்டு அழுறது?”

ஒரு கிழமை விடாமல் பின்னால் திரிந்தேன். கடிதங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமலே சொல்லிக்காட்டத் தெரிந்தவன் நான். பன்னிரண்டாவது கடிதத்தை எழுதி, முத்திரை ஒட்டி, அவர் கண்முன்னால் சட்டைப் பையில் வைத்தேன். “சரி, வாறன்,” என்றார்.

கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் ஒத்திகை. நீல முகத்தோடும் தோளில் போட்ட கட்டம் போட்ட சாரத் துணியோடும் குழிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தேன். நல்லம்மாக்கா என் தலைமாட்டில் வந்து இருந்தார். பிறகு அந்தக் குரல் எழும்பியது.

“பாயை விரிச்செல்லோ பாத்திருந்தேன் என் ராசா,
போன வழியெல்லாம் புல்லு முளைச்சிட்டுதே…”

சிரித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் அடங்கிப்போனார்கள். என் நெற்றியில் சூடாகத் துளிகள் விழுந்தன. அவர் குனிந்து இரண்டு கைகளாலும் என் தலையைப் பிடித்தார். காதுக்குள், எனக்கு மட்டும் கேட்கும்படி, “தம்பிராசா,” என்றார். “எங்கை அப்பு கிடக்கிறாய்? அம்மா விட்டிட்டன், நீ போ அப்பு, போ.” பிறகு நிமிர்ந்து முன்னையிலும் பெரிதாக அழுதார்.

நான் எழும்பியிருக்கவேண்டும். எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நாளைக்கும் இப்படியே அழுதால் போதும் என்று நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது அதுதான்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்கு அழைக்க வேண்டியதில்லை. அழுகுரல் கேட்டால் சனம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஏதோ நாடகம் போடுகிறார்கள் என்று ஒழுங்கைக்குத் தெரியும். ஆனால் கேட்டது பிள்ளைகளின் குரல் அல்ல, பதினாலு மாதமாகத் திறக்காத நல்லம்மாவின் வாய். மகனைப் பற்றிச் செய்தி வந்துவிட்டது என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒருவரும் வரவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே இராசமலர் முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் பல குரல்கள் எழும்பிய பிறகுதான் எனக்கு விளங்கியது. ஓடினேன். படலையைத் தள்ளிக்கொண்டு போனபோது முற்றம் முழுக்கப் பெண்கள். இராசமலரைக் கட்டிப்பிடித்துக் குழறிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி அவள் நெற்றியைத் துடைத்துவிட்டிருந்தாள். அவள் சத்தமில்லாமல் அழுதாள். அதில் ஒரு களைப்பு இருந்தது, நெடுந்தூரம் சுமந்ததை இறக்கி வைத்த களைப்பு. நான் அதைக் கண்டேன். கண்டும் காணாதவனானேன்.

பின்னால் வந்த நல்லம்மாக்கா கூச்சல் போட்டார். “ஆரடி உங்களைக் கூப்பிட்டது? என்ரை பிள்ளைக்கு ஒண்டுமில்லை! நான் நடிச்சனான். மாஸ்ரரைக் கேளுங்கோ!”

அதற்குள் அதிபரும் வந்து என்னை வேலியோரமாக இழுத்தார். “மெய்யாச் செத்தவீடு எண்டா நாளைக்கு ஒண்டும் நடக்காது. வேலிக்கு அங்காலை அழுகினம், இஞ்சாலை நாங்கள் பொய்ப் பிணம் வைக்கிறதோ? கல்வி அதிகாரிக்கு இப்பவே ஆள் அனுப்பி நிப்பாட்டவேணும். என்ன மாஸ்ரர், செய்தி வந்ததோ, இல்லையோ?”

மூன்று மாத வேலை. நாலு வருடக் கனவு. நான் வாய் திறக்கமுன் இராசமலர் எழும்பி வந்துவிட்டாள். நீலம் பூசிய என் முகத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

“மாஸ்ரர், மாமா செத்த நேரம் மாமி அழுததைக் கேட்டனான். எனக்கு மாமியின்ரை அழுகை தெரியும். நீங்கள் கிட்டக் கிடந்தனீங்கள். சொல்லுங்கோ, மாமி நடிச்சவவோ?”

நல்லம்மாக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சியது. தாய்க்காகத்தான் சொன்னேன் என்று பிறகு பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“ஓம் தங்கச்சி. நடிப்புத்தான். எங்கை அழவேணும், எங்கை நிப்பாட்டவேணும் எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான்.”

அவள் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். வந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை என்று முணுமுணுத்தபடி கலைந்தார்கள்.

மறுநாள் நல்லம்மாக்கா வரவில்லை. மேல்வகுப்புப் பெண்பிள்ளைகள் நாலுபேர் மூக்கைச் சீறினார்கள். கல்வி அதிகாரி வட்டவீட்டுக்குள் குனிந்து போய், இருமிக்கொண்டு வெளியே வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வட்டுக்கோட்டையிலிருந்தெல்லாம் சனம் வந்தது. மாலையில் நல்லம்மாக்கா ஒரு பிடி முருங்கையிலை கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை ஏதாவது இலை வந்துகொண்டிருந்தது. பொய் சொன்னதற்குக் கிடைத்த கைமாறு என்று தெரிந்தும் சமைத்துச் சாப்பிட்டேன்.

இராசமலர் ஜேர்மனிக்குப் போகவில்லை. புருசன் வந்து பார்க்கும்போது வீட்டில் ஆள் வேண்டுமே என்று தமையனுக்கு எழுதினாள். தமையன் இன்னும் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். தெருவில் கண்டால் “மாஸ்ரர், ஏதும் பதில் வந்ததோ?” என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் அவள் நெற்றியைப் பார்க்காமல் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிட நான் எத்தனை தரம் அந்தப் படலைவரை போயிருப்பேன் என்று கணக்கில்லை. போகப்போக, இத்தனை நாள் கழித்து எப்படிச் சொல்வது என்பதும் ஒரு சாட்டாகிவிட்டது.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமம் பகுதி முழுதும் ஒரே நாளில் எழும்பி நடந்தது. நானும் நடந்தேன். கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், மேசைகளை அடுக்கி மறைத்த ஒரு மூலையில் எனக்கு இடம் கிடைத்தது. நாலாம் நாள் காலை கிணற்றடியில் வாளியோடு வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பெண் திரும்பினாள். இராசமலர். முப்பத்துநாலு வயதுக்குள் தலை பாதி நரைத்திருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை.

“மாமி போன மாசி மோசம் போயிட்டா மாஸ்ரர்,” என்றாள். தை மாதம் தொட்டுக் கொழும்பில் வைத்தியத்துக்கு நின்றேன், ஊர் எழும்ப ஒரு கிழமைக்கு முன்தான் வந்தேன், தெரியாது என்றேன். வரிசை ஓரடி நகர்ந்தது.

“சாக முதல் என்னைக் கூப்பிட்டுச் சொன்னவ. அண்டைக்குத் தான் நடிக்கேல்லையாம். உங்கடை காதுக்குள்ளை அவரின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவவாம். போகச் சொல்லி அவரை அனுப்பிப்போட்டாவாம்.” வாளியை மறு கைக்கு மாற்றினாள். “உங்களுக்குக் கேட்டதோ?”

“கேட்டது.”

“அப்ப ஏன் மாஸ்ரர் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம், நாக்கு நுனியில் ஆயத்தமாக இருந்தது. அவளுடைய நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“அடுத்தநாள் கண்காட்சி, தங்கச்சி,” என்றேன். “நிண்டுபோகும் எண்டு பயந்தனான்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ள ஆசையாகக்கூட இருந்தது. அவளுடைய முறை வந்தது. வாளியை நிரப்பி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, போகிற போக்கில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“நான் வந்து பாக்கேல்லை,” என்றாள். “நல்லா நடந்ததோ?”

குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

“ஓம்,” என்றேன். “நல்லா நடந்தது.”